கை, தோள் இயலாமையை அரபு மொழியில் அளப்பது எப்படி? டேஷ் கேள்வித்தாளும் அதன் ஏற்புடைமைச் சோதனையும்

தோள் வலியோடு வரும் ஒருவரால் கையை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் கோணமானி வைத்து அளந்துவிடலாம். பிடியின் வலிமையை அதற்கென உள்ள கருவி கிலோ கணக்கில் காட்டிவிடும். எலும்பின் நிலையை எக்ஸ்ரே சொல்லும். இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும், அவரால் தம் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடிகிறதா, இரவில் வலியில்லாமல் தூங்க முடிகிறதா, தலைக்கு மேலுள்ள அலமாரியில் ஒரு பாத்திரத்தை வைக்க முடிகிறதா என்பது தெரியாது. ஒரே கோணம் வரை கையைத் தூக்கும் இருவரில் ஒருவர் சுவருக்கு வண்ணம் பூசுபவராகவும் மற்றவர் கணக்காளராகவும் இருந்தால், அந்தக் கோணம் இருவருடைய வாழ்க்கையிலும் ஒரே இழப்பைக் குறிப்பதில்லை. இதை நோயாளியிடமேதான் கேட்டறிய வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்காமல், எல்லாரிடமும் ஒரே விதமாகக் கேட்டு, விடையை எண்ணாக மாற்றுவதற்காகவே இத்தகைய கேள்வித்தாள்கள் உருவாயின.

கைக்கும் தோளுக்குமான கேள்வித்தாள்களில் உலகெங்கும் மிகப் பரவலாகப் பயன்படுவது டேஷ் (DASH: Disabilities of the Arm, Shoulder and Hand, அதாவது கை, தோள், உள்ளங்கை இயலாமைகள்). கனடாவின் டொராண்டோவில் உள்ள பணி, உடல்நல ஆய்வு நிறுவனமும் அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் கழகமும் சேர்ந்து உருவாக்கிய இது 1996இல் வெளியானது. தோளுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று என்று பிரிக்காமல், தோள் முதல் விரல் நுனி வரை உள்ள அனைத்தையும் ஒரே செயல் அலகாகக் கருதுவது இதன் அடிப்படை. மொத்தம் 30 கேள்விகள். முதல் 21 கேள்விகள் அன்றாடச் செயல்களைப் பற்றியவை: இறுக்கமான ஜாடி மூடியைத் திறத்தல், எழுதுதல், கனமான கதவைத் தள்ளித் திறத்தல், முதுகைக் கழுவுதல், கத்தியால் உணவை வெட்டுதல் போன்றவை. எஞ்சியவை சமூக வாழ்க்கை, வேலை, வலி, ஊசி குத்துவது போன்ற கூச்சம், பலவீனம், விறைப்பு, தூக்கம், தன்னம்பிக்கை ஆகியவற்றைத் தொடுகின்றன. கடந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்து விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து படிநிலைகள் உண்டு. செயல்களைப் பொறுத்தவரை 1 என்றால் சிரமமே இல்லை, 5 என்றால் செய்யவே முடியவில்லை.

மதிப்பெண் கணக்கிடும் முறை எளிது. விடைகளின் சராசரியிலிருந்து 1ஐக் கழித்து 25ஆல் பெருக்க வேண்டும். ஒரு நோயாளி 29 கேள்விகளுக்கு விடையளித்து அவற்றின் கூட்டுத்தொகை 87 என்று வைத்துக்கொள்வோம். 87ஐ 29ஆல் வகுத்தால் 3, அதில் ஒன்று போக 2, அதை 25ஆல் பெருக்கினால் 50. பூஜ்யம் என்றால் இயலாமை ஏதுமில்லை, 100 என்றால் முழு இயலாமை. மூன்று கேள்விகள் வரை விடுபடலாம். நான்காவது விடுபட்டால் மதிப்பெண்ணே கணக்கிட முடியாது. இந்தச் சிறிய விதி அரபுப் பதிப்பைப் பேசும்போது பெரிதாகிவிடும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 2005இல் இதன் சுருக்க வடிவமாக 11 கேள்விகள் கொண்ட குவிக்டேஷ் வந்தது.

ஆங்கிலத்தில் நன்கு சோதிக்கப்பட்ட இந்தக் கேள்வித்தாளை அரபு மொழியில் பெயர்த்துவிட்டால் போதாதா, அதை ஏன் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பது தொடக்கநிலை மாணவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஏற்புடைமை என்பது தாளில் ஒட்டியிருக்கும் குணம் அன்று என்பதே அதற்கான விடை. குறிப்பிட்ட மக்களிடம், குறிப்பிட்ட மொழியில், குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் பெறப்பட்ட மதிப்பெண்ணை இயலாமையின் அளவு என்று கொள்வதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதைத்தான் ஏற்புடைமை என்கிறோம். மக்கள் மாறினால் சான்று தானாகக் கூடவே பயணம் செய்வதில்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பொதுமக்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் டேஷின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 10 என்று கிடைத்தது. அதாவது நோயாளி அல்லாதவர்களிடமும் பூஜ்யம் என்பது பொது நிலை அன்று. இந்த 10ஐ எடுத்துக் குவைத்திலோ கெய்ரோவிலோ இயல்பு நிலை என்று வைத்துக்கொள்ள நமக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அங்குள்ளவர்களின் வீட்டு வேலைகளும் வயது விகிதமும் உழைப்பும் வேறு.

பெயர்ப்புக்கு முன்னே ஒரு நடைமுறை

டேஷின் உரிமை டொராண்டோ நிறுவனத்திடம் இருக்கிறது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புதிய மொழிக்குக் கொண்டுபோக விரும்புவோர் அனுமதி பெற்று, வகுத்துள்ள முறைப்படியே செய்ய வேண்டும். அந்த முறையை 2000ஆம் ஆண்டில் ஸ்பைன் என்ற மருத்துவ இதழில் வெளியான ஒரு வழிகாட்டிக் கட்டுரை தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் துறையை அறிந்தவர், மற்றவர் மருத்துவம் அறியாதவர். பின்னவர்தான் நோயாளி பேசும் மொழிக்கு அருகில் நிற்பார் என்பது எதிர்பார்ப்பு. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். அதன்பின், மூலத்தைப் பார்த்திராத இருவர் அந்த அரபு வடிவத்தை மீண்டும் ஆங்கிலமாக்குவார்கள். மருத்துவர், மொழியறிஞர், ஆய்வுமுறை வல்லுநர், பெயர்ப்பாளர்கள் அனைவரும் கொண்ட குழு எல்லா வடிவங்களையும் மேசைமேல் வைத்து ஒவ்வொரு சொல்லாக முடிவு செய்யும். கடைசியில் 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை நடக்கும்.

இவற்றில் மறுபெயர்ப்புக்குப் பலர் அளவுக்கு மீறிய மதிப்புத் தருகிறார்கள் என்பது என் எண்ணம். பொருள் தலைகீழாகிப்போன இடங்களை அது பிடித்துவிடும், அந்த அளவில் அது தேவையானதே. ஆனால் சொல்லுக்குச் சொல் வைத்துக் கட்டிய, எந்த அரபுக் குடும்பத்திலும் யாரும் பேசாத ஒரு வாக்கியம், மீண்டும் ஆங்கிலத்துக்குப் போகும்போது மூலத்தைப் போலவே அழகாக வந்து நிற்கும். மறுபெயர்ப்பில் முழு வெற்றி பெற்ற அந்த வாக்கியத்தின் முன்னால்தான் அறுபது வயதுப் பெண் ஒருவர் எதைக் குறியிடுவது என்று தெரியாமல் பேனாவுடன் உட்கார்ந்திருப்பார். அதைக் கண்டுபிடிப்பது முன்சோதனை மட்டுமே. நோயாளி கேள்வியைப் படித்து, அது எதைக் கேட்கிறது என்று தம் சொற்களில் சொல்லி, ஏன் அந்த விடையைத் தேர்ந்தார் என்பதையும் விளக்கும்படி செய்வது அதன் உயிரான பகுதி. பல ஆய்வறிக்கைகள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவது வருத்தத்துக்குரியது.

அரபு மொழி வைக்கும் கேள்விகள்

அரபு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்சிமொழி. எழுதப்படும் அரபும் பேசப்படும் அரபும் வேறுவேறு. எழுத்துமொழியான ஃபுஸ்ஹா பள்ளியில் கற்கப்படுவது. மொராக்கோவின் பேச்சும் எகிப்தின் பேச்சும் வளைகுடாவின் பேச்சும் ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகியவை. எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் பிரிந்து நிற்கும் மொழியில் வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. பேச்சுமொழியில் எழுதினால் கேள்வித்தாள் ஒரு நாட்டுக்குள் சுருங்கிவிடும். எழுத்துமொழியில் எழுதினால் எல்லா நாட்டுக்கும் போகும், ஆனால் பள்ளிக்கு அதிகம் போகாதவர்களைத் தொலைவில் நிறுத்தும். பொதுவாக ஆய்வாளர்கள் எளிய எழுத்துமொழியையே தேர்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பணியாளர் ஒருவர் வாசித்துக் காட்டி விடை பெறலாம். ஆனால் வாசித்துக் காட்டும்போது அவர் தம் பேச்சுமொழிக்கு மாற்றிச் சொல்வது இயல்பாக நடந்துவிடும். தாமாகப் படித்து விடையளிப்பதும் இன்னொருவர் கேட்டு எழுதிக்கொள்வதும் ஒரே மதிப்பெண்ணைத் தருகின்றனவா என்பதே தனியாகச் சோதிக்க வேண்டிய ஒன்று.

இன்னொரு சிக்கல் இலக்கணத்தைச் சேர்ந்தது. அரபியில் முன்னிலை வினை, கேட்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப மாறும். ‘உங்களால் திறக்க முடிகிறதா’ என்று இருபாலருக்கும் பொதுவாகக் கேட்க அங்கே நேர்வழி இல்லை. ஆண்பால் வடிவத்தில் அச்சிட்டு எல்லாருக்கும் கொடுப்பது வழக்கமானதுதான் என்றாலும், டேஷின் செயல் கேள்விகளுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. திறத்தல், எழுதுதல், தூக்குதல் என்று தொழிற்பெயராகவே எழுதிவிட்டால் பால் வேறுபாடு எழாது, வாக்கியமும் சுருங்கும். வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி என்பதால் ஐந்து விடைக்கட்டங்களும் எந்தத் திசையில் போகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தின் வரிசையை அப்படியே விட்டு எழுத்தை மட்டும் மாற்றினால், ‘சிரமமே இல்லை’ என்பது வாசிப்பவரின் கண்ணுக்கு இறுதியில் வந்து சேரும்.

கேள்விகளின் உள்ளடக்கத்துக்கு வருவோம், ஏனெனில் உண்மையான கனம் அங்கேதான் இருக்கிறது. மூலத்தில் கனமான பொருளுக்கு 10 பவுண்டு என்று அளவு தரப்பட்டுள்ளது. அதை ஏறத்தாழ நாலரை கிலோ என்று மாற்றுவதில் யாருக்கும் தயக்கம் வராது. தலை வழியாக அணியும் ஸ்வெட்டர் பற்றிய கேள்வி சற்றுக் கடினம். வெப்பமான வளைகுடாவில் அது அரிது, ஆனால் ஆண்கள் அணியும் நீண்ட அங்கியான திஷ்தாஷா தலை வழியாகவே மாட்டப்படுவது. அந்தக் கேள்வி தேடுவது துணியின் பெயரை அன்று. இரு கைகளையும் உயர்த்தித் தலைக்கு மேலிருந்து ஒன்றை இறக்கும் அசைவையே அது தேடுகிறது. அசைவு மாறாமல் இருக்கும்வரை பொருளை மாற்றலாம். தோட்ட வேலை பற்றிய கேள்வி அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்குப் பொருந்தாது. பொழுதுபோக்குக் கேள்விகளில் வரும் கோல்ஃப், ஃபிரிஸ்பீ என்னும் தட்டெறி விளையாட்டு ஆகியவற்றை வாழ்நாளில் தொட்டிராதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

சமையல், படுக்கையைச் சீர்படுத்துதல், தரையைக் கழுவுதல் ஆகியவை பல அரபுக் குடும்பங்களில் பெண்களின் வேலையாகவே இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வசதியுள்ள வீடுகளில் அவற்றை வீட்டுப் பணியாளர்களே செய்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் போனவர்கள். அத்தகைய வீட்டின் ஆண் ஒருவரிடம் ‘கடந்த வாரம் சமையல் செய்ய எவ்வளவு சிரமம்?’ என்று கேட்டால், அவர் என்ன குறிப்பார்? ‘சிரமமில்லை’ என்று குறித்தாலும், ‘முடியவில்லை’ என்று குறித்தாலும், காரணம் தோளாக இருக்க வேண்டியதில்லை. மூல டேஷ் இதற்கு ஒரு வழிகாட்டலை முதல் பக்கத்திலேயே தருகிறது: அந்த வாரத்தில் ஒரு செயலைச் செய்யும் வாய்ப்பே வராவிட்டால், செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு விடையளிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருபோதும் செய்திராத வேலையைக் கற்பனையில் செய்துபார்ப்பது, ஒரு வாரம் செய்யாமல் விட்ட வேலையை நினைத்துப் பார்ப்பதைவிடப் பல மடங்கு நிச்சயமற்றது.

எந்தக் கையால் செய்தாலும் பரவாயில்லை, செயலைச் செய்ய முடிகிறதா என்பதை மட்டும் வைத்து விடையளியுங்கள் என்பது டேஷின் மற்றொரு அறிவுறுத்தல். வலக்கையால் உண்பது முஸ்லிம்களின் ஆழமான ஒழுக்கம். வலக்கை காயப்பட்ட ஒருவர் இடக்கையால் சாப்பிட முடிந்தும் அதைச் செய்ய மனமில்லாமல் இருக்கலாம். அவருடைய ‘முடியவில்லை’ என்ற விடையில் உடலும் மரபும் கலந்திருக்கும். அது தவறான விடை அன்று, அவருக்கு அது மெய்யான இழப்பே. ஆயினும் டொராண்டோ நோயாளியின் அதே விடையோடு அதைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது என்ன கலந்திருக்கிறது என்பதை ஆய்வாளர் அறிந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஐவேளைத் தொழுகையில் கைகளை உயர்த்துவதும், நெற்றி தரையில் படும்போது உள்ளங்கைகளை ஊன்றுவதும், அதற்குமுன் முழங்கை வரை கழுவிக்கொள்வதும் தோள் நோயாளிக்கு அன்றாடம் பலமுறை வரும் சோதனைகள். டேஷின் 30 கேள்விகளில் அவற்றுக்கு இடமில்லை. புதிய கேள்வியாகச் சேர்த்துவிடலாமே என்ற ஆசை நியாயமானது. ஆனால் சேர்த்த கணத்திலேயே அந்த மதிப்பெண்ணை வேறு மொழிகளில் கிடைத்தவற்றோடு ஒப்பிட முடியாமல் போகும், உரிமையாளர்களும் ஏற்கமாட்டார்கள். தனியாக ஒரு துணைக் கேள்வியாகக் கேட்டு, மதிப்பெண்ணில் சேர்க்காமல் பதிவு செய்துகொள்வதே பொருத்தம்.

இருபத்தொன்றாம் கேள்வி தாம்பத்திய உறவு பற்றியது. தோள், கை நோய்கள் அதைப் பாதிப்பது மருத்துவ உண்மை, அதனால்தான் அது அங்கே இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், மகனோ மகளோ பக்கத்தில் அமர்ந்திருக்க, அதற்குக் குறியிடப் பலர் கூச்சப்படுவார்கள். மணமாகாதவர்களிடமும் துணையை இழந்தவர்களிடமும் அப்படிக் கேட்பதே சங்கடத்தை உண்டாக்கும். பல நாடுகளில் அதிகம் விடுபடும் கேள்வியாக இது இருந்துவந்திருக்கிறது. இப்போது முன்பு சொன்ன விதிக்குத் திரும்புங்கள். இந்தக் கேள்வி ஒன்று, கோல்ஃப் ஒன்று, ஃபிரிஸ்பீ ஒன்று என்று மூன்றையும் ஒருவர் விட்டுவிட்டால் அவர் எல்லையில் நிற்கிறார். தோட்டம் இல்லை என்று அதையும் விட்டால் நான்காகிவிடும், அவருடைய மதிப்பெண் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். அப்படி விழுபவர்கள் தற்செயலாக விழுவதில்லை. மூத்த பெண்களும் தனித்து வாழ்பவர்களும் கூடுதலாக விழுவார்கள், ஆய்வின் முடிவு அவர்கள் இல்லாத ஒரு மக்கள்கூட்டத்தைக் காட்டும். ஆகவே ஓர் அரபுப் பதிப்பின் ஆய்வைப் படிக்கும்போது, எந்தக் கேள்விகள் எத்தனை பேரால் விடப்பட்டன என்ற அட்டவணையை முதலில் தேடுங்கள்.

எண்களால் சோதிப்பது

மொழியாக்கம் முடிந்த பிறகே எண்களின் வேலை தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமை மையமாகக் கொண்டு உருவாகி 2010இல் தன் வரையறைகளை வெளியிட்ட காஸ்மின் என்ற பன்னாட்டு முயற்சி, சோதிக்க வேண்டியவற்றை நம்பகத்தன்மை, ஏற்புடைமை, மாற்றத்தை உணரும் திறன் என்ற மூன்று தலைப்புகளில் தொகுக்கிறது.

நம்பகத்தன்மையின் ஒரு முகம் அகச்சீர்மை. கனமான கதவைத் தள்ளச் சிரமப்படுபவர், கனமான பையைத் தூக்கவும் சிரமப்படுகிறாரா? கேள்விகள் இப்படி ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா என்பதை, 1951இல் கிரோன்பாக் முன்வைத்த ஆல்ஃபா என்னும் எண் காட்டும். 0.70க்குக் கீழே இருந்தால் கேள்விகள் ஒட்டவில்லை என்றும், 0.95க்கு மேலே போனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன என்றும் பொதுவாகக் கொள்கிறார்கள். டேஷ் பல மொழிகளிலும் 0.95ஐத் தாண்டுவது வழக்கம். இதைப் பெருமையாக எழுதும் ஆய்வுகளைக் கண்டு மயங்க வேண்டாம். கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே ஆல்ஃபா ஏறும். எந்த இரு கேள்விகளுக்கும் இடையே ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு, முழுமையாக என்றால் 1) சராசரியாக 0.4 மட்டுமே என்று கொண்டாலும், 30 கேள்விகளுக்கு ஆல்ஃபா 0.95 வந்துவிடும். அதே ஒட்டுறவில் 11 கேள்விகளுக்கு அது 0.88தான். உயர்ந்த ஆல்ஃபா, பெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

இன்னொரு முகம் மறுசோதனை. நிலை மாறாத ஒருவரிடம் சில நாள் இடைவெளியில் இருமுறை கேட்டால் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வர வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் முன்பு குறித்ததை நினைவில் வைத்துக் குறிப்பார், மிக நீண்டால் தோளே குணமாகிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வைப்பது வழக்கம். சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களிடம் இதைச் செய்தால், கேள்வித்தாளின் தடுமாற்றமும் நோயாளியின் முன்னேற்றமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். எனவே இரண்டாம் முறை வரும்போது, உங்கள் நிலை மாறியிருக்கிறதா என்று தனியாகக் கேட்டு, மாறவில்லை என்பவர்களை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கே எந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியம். இரண்டாம் முறை எல்லாருமே சரியாக 10 புள்ளி குறைவாகப் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஒட்டுறவுக் கெழு 1 என்று வரும், ஏனென்றால் அது வரிசையையும் இடைவெளியையும் மட்டுமே பார்க்கிறது. ஆனால் மதிப்பெண் பத்துப் புள்ளி நழுவியிருக்கிறது. இந்த நழுவலையும் குறையாகக் கணக்கிடுவது உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவின் ‘உடன்பாடு’ வகை. அது 0.70க்கு மேல் இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. தனி நோயாளியைப் பற்றி முடிவெடுக்க அதைவிட மிக உயர்ந்த மதிப்பு வேண்டும்.

ஏன் உயர்ந்த மதிப்பு வேண்டும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். நோயாளிகளின் மதிப்பெண்களுக்குத் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அவை சிதறியிருக்கும் அளவு) 20, உள்வகுப்புக் கெழு 0.95 என்று கொள்வோம். அளவீட்டின் திட்டப் பிழை என்பது 20ஐ 0.05இன் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 4.5. ஒருவரிடம் உண்மையாகவே மாற்றம் நடந்திருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, இந்தப் பிழையை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 12.4. ஆக, 0.95 என்ற மிக நல்ல கெழு இருந்தும், ஒரு நோயாளியின் மதிப்பெண் 58இலிருந்து 50க்கு இறங்கியதை மட்டும் வைத்து அவர் தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அது கேள்வித்தாளின் சாதாரண ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். நூறு பேரின் சராசரி அப்படி இறங்கினால் கதை வேறு, தனித்தனிப் பிழைகள் அங்கே பெரும்பாலும் கரைந்துவிடும்.

அடுத்தது கருத்தாக்க ஏற்புடைமை. இயலாமையை நேரடியாக அளக்கும் பொன்னான அளவுகோல் எதுவும் இல்லாததால், ஆய்வாளர் முன்கூட்டியே சில எதிர்பார்ப்புகளை எழுதி வைத்து அவற்றைச் சோதிக்கிறார். அரபு டேஷின் மதிப்பெண் வலி அளவோடு ஓரளவு வலுவாகச் சேர்ந்து ஏற வேண்டும். எஸ்.எஃப்-36 என்ற பொது உடல்நலக் கேள்வித்தாளில் உடல் இயக்கப் பிரிவின் மதிப்பெண் உயர்ந்தால் நலம் என்று பொருள், எனவே அதனோடு எதிர்த்திசையில் உறவு இருக்க வேண்டும். அதே கேள்வித்தாளின் மனநலப் பிரிவோடும் உறவு இருக்கலாம், ஆனால் அது பலவீனமானதாக இருக்க வேண்டும். வேலையைத் தொடர முடியாதவர்கள், தொடர்பவர்களைவிட அதிக மதிப்பெண் பெற வேண்டும். இப்படி எழுதி வைத்தவற்றில் குறைந்தது 75 சதவீதம் மெய்ப்பட்டால் ஏற்கலாம் என்பது பரவலான வழக்கு. ‘முன்கூட்டியே’ என்பதில் நான் உறுதியாக நிற்பேன். எண்கள் வந்தபின், வந்த எண்ணுக்கேற்ப எதிர்பார்ப்பை எழுதுவது எல்லா ஆய்வையும் வெற்றியாக்கிவிடும். ஒப்பிடும் கேள்வித்தாள்களும் அரபியில் சோதிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும், இல்லையேல் தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் அளந்ததாகிவிடும்.

30 கேள்விகளும் ஒரே பண்பைத்தான் அளக்கின்றனவா என்பது காரணிப் பகுப்பாய்வின் வேலை. ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டுவதற்கு ஒரே பண்பு அடியில் இருக்க வேண்டும். பல மொழிகளின் ஆய்வுகளில் டேஷ் ஒன்றுக்கு மேற்பட்ட கொத்துகளாகப் பிரிந்திருக்கிறது. வலியும் கூச்சமும் ஒருபுறம், செயல்கள் மறுபுறம் என்று பிரிவது அதில் ஒரு வகை. அரபியிலும் அப்படி வந்தால் அது பெயர்ப்பின் குறை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது, மூலத்திலேயே இருக்கும் இயல்பாகவும் இருக்கலாம்.

கடைசியாக, மாற்றத்தை உணரும் திறன். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து, ‘நன்கு தேறிவிட்டேன்’ என்று சொல்பவர்களின் மதிப்பெண் உண்மையாகவே இறங்கியிருக்கிறதா, மாற்றமில்லை என்பவர்களுடையது அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நோயாளிக்கே பொருட்டாகத் தோன்றும் மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு என்பதையும் இதிலிருந்து கணிக்கலாம். 2014இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று அதை டேஷுக்கு ஏறத்தாழ 11 புள்ளிகள் என்றும் குவிக்டேஷுக்கு ஏறத்தாழ 16 புள்ளிகள் என்றும் கண்டது. அரபு மருத்துவமனைகள் வேறு வழியின்றி இந்த எண்களைக் கடன் வாங்குவதுண்டு. தற்காலிகமாக அது சரிதான். ஆனால் மேலே நாம் போட்ட கணக்கில் வந்த 12.4ஐ இந்த 11க்கு அருகே வைத்துப் பாருங்கள். பிழையின் எல்லை பொருட்டான மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில், நோயாளி உணரும் தேறுதலைக் கேள்வித்தாளால் தனியாளிடம் உறுதி செய்ய முடியாது.

குவைத்தில் நடந்தது, அதன் எல்லை

குவைத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டேஷை அரபுமயமாக்கி, நம்பகத்தன்மை, ஏற்புடைமை, மாற்றத்தை உணரும் திறன் ஆகிய மூன்றையும் சோதித்து வெளியிட்ட ஆய்வு 2016இல் மறுவாழ்வு மருத்துவ இதழொன்றில் வந்தது. மூன்றாவதையும் விடாமல் சோதித்தது பாராட்டத்தக்கது, ஏனெனில் நோயாளிகளை மாதக்கணக்கில் பின்தொடர வேண்டியிருப்பதால் அதைத் தவிர்த்துவிடும் ஆய்வுகளே அதிகம்.

அந்தச் சான்று முதலில் குவைத்தின் நோயாளிகளுக்கு உரியது. அதே படிவம் மொராக்கோவின் தச்சருக்கும் சூடானின் விவசாயிக்கும் பொருந்துமா என்பதை அறிய ஒரு நுட்பம் இருக்கிறது. இரு நாட்டு நோயாளிகளின் விடைகளையும் ஒன்றாக வைத்து, மொத்த இயலாமை சமமாக உள்ள இருவர் குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு மட்டும் முறைப்படி வேறுபட்டு விடையளிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். தோட்ட வேலைக் கேள்வி நகரவாசிகளுக்கும் நைல் கரை விவசாயிகளுக்கும் இடையே அப்படி மாறக்கூடிய கேள்விகளில் ஒன்று. இதற்குப் பல நாடுகளின் தரவு, நாடு ஒன்றுக்கு நூற்றுக்கணக்கானவர்களாகச் சேர வேண்டும். அது கைக்கு வரும்வரை வேறொரு அரபு நாட்டின் மருத்துவமனை செய்யக்கூடியது, படிவத்தின் சொற்களைத் தன் விருப்பப்படி திருத்தாமல், தன் நோயாளிகள் முப்பது பேரிடம் முன்சோதனையை நடத்தி, எந்தக் கேள்வியில் அவர்கள் தயங்குகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று எழுதிவைப்பதும், மறுசோதனையைத் தானே ஒருமுறை செய்து தன் அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்டுக்கொள்வதும் ஆகும். ஐம்பது நோயாளிகள் இருமுறை விடையளித்தால் பின்னதற்குப் பெரும்பாலும் போதும்.